மயக்கமும் மூச்சும்

ரண சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரைக் கண்டதும் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டாக்டர், நல்லாத் தூங்க வெச்சுடுவீங்கல்ல? நடுவிலே முழிப்பு வந்துடாதே?" கத்தி தம் உடலைத் தொடும் வேளையில் பிரக்ஞை மீண்டுவிடுமோ என்ற அந்தப் பயம் நியாயமானது, அதற்கு ஆறுதல் சொல்வதும் வைத்தியருக்குப் பழகிப்போன காரியம். ஆனால், "பயப்படாதீங்க, ஒண்ணும் தெரியாது" என்று சிரித்துச் சொல்லிக்கொண்டே அவர் நோயாளியின் தாடையையும் பற்களையும் கழுத்தின் நீளத்தையும் கண்ணால் அளந்துகொண்டிருப்பார். இந்த மனிதர் நன்றாகத் தூங்கிவிட்ட பிறகு இவருடைய சுவாசத்துக்கு என்ன வழி செய்யப்போகிறோம் என்பதே அவர் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விசாரம்.

விழித்திருக்கும் மனிதனின் தொண்டை எந்நேரமும் திறந்திருப்பதைக் கண்டு, அது குழாயைப்போல் தானாகவே திறந்து நிற்கும் உறுப்பு என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில், மூக்குக்கும் குரல்வளைக்கும் இடைப்பட்ட அந்தப் பாதையின் பெரும்பகுதி வெறும் தசைதான். நாக்கும் மெல்லண்ணமும் தொண்டைத் தசைகளும் நாம் அறியாமலே தம்மை இறுக்கி வைத்துக்கொண்டிருப்பதால்தான் அது அடைபடாமல் நிற்கிறது. இயற்கைத் தூக்கத்திலேயே இவை சற்றுத் தளர்ந்து பலருக்குக் குறட்டை உண்டாகிறது. மருந்தினால் வரும் ஆழ்ந்த மயக்கத்திலோ இவை அடியோடு தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து, காற்று போகும் வழி மூடிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, சுவாசத்தை நடத்தும் மூளைக் கேந்திரமும் பல மருந்துகளுக்கு அடங்கித் தன் வேலையை நிறுத்திவிடுகிறது. ஆகையால், நோயாளி தூங்கிய அந்தக் கணத்திலிருந்தே வைத்தியர் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி, பிறகு வாய் வழியே மூச்சுக்குழலுக்குள் ஒரு டியூபைப் போட்டு, அவருடைய சுவாசத்தைத் தம் கைக்கு மாற்றிக்கொள்கிறார். பெரும்பாலோரிடம் இது ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துபோகும்.

முடியாதபோதுதான் கணக்கு ஆரம்பமாகிறது. வயது வந்த ஒருவரின் உடல் ஓய்ந்து கிடக்கையிலும் நிமிஷத்துக்குச் சுமார் 250 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் செலவழிக்கிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தவருக்கு மூச்சு நின்றால், நுரையீரலில் எஞ்சியிருக்கும் பிராணவாயு ஓரிரு நிமிஷங்களுக்குத்தான் காணும். அதனால்தான் மயக்கத்துக்கு முன் முகமூடி வைத்துச் சுத்தமான பிராணவாயுவைச் சில நிமிஷங்கள் இழுத்து விடச் சொல்கிறார்கள். அப்படி நிரப்பிக்கொண்ட திடகாத்திரமான உடம்பு சுமார் 8 நிமிஷங்கள் தாக்குப்பிடிக்கும். உடல் பருத்தவர், கர்ப்பிணி, குழந்தை ஆகியோரிடம் அந்தக் கையிருப்பு வெகு சீக்கிரம் தீர்ந்துபோகும். கொடுத்த மருந்தின் வேகம் தணிந்து நோயாளி தாமாகவே மூச்சுவிடத் தொடங்குவதற்கு ஆகும் காலமோ, பல சமயங்களில் இந்த அவகாசத்துக்குள் அடங்குவதில்லை. எனவே, வாய் திறக்காதவரையும், கழுத்து அசையாதவரையும், தொண்டையில் கட்டி வளர்ந்தவரையும் முதலில் தூங்க வைத்துவிட்டுப் பிறகு வழி தேடுவது உயிரோடு விளையாடுவதாகும். அவர்கள் விழித்திருக்கும்போதே, தாமாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போதே, டியூபைப் போட்டு முடித்து, அதன் பின்னரே மயக்கம் கொடுக்க வேண்டும். இதைக் கேட்ட மாத்திரத்தில் யாருக்கும் உடல் கூசும். அந்தக் கூச்சத்தையும் பயத்தையும் தணிக்க எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் மயக்க வைத்திய சாஸ்திரத்தின் மிக நுட்பமான விவகாரம் ஒன்று அடங்கியிருக்கிறது.

விழித்திருப்பவர் தொண்டையில் டியூப் போடுவது இன்று நேற்று வந்த யோசனை அன்று. 1846 அக்டோபர் 16-ஆம் தேதி பாஸ்டன் நகரத்தில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஈதரை முகர வைத்து ஒருவரை மயக்கிக் காட்டியதும், மறு வருஷமே எடின்பரோவில் சிம்ஸன் என்ற வைத்தியர் க்ளோரோஃபார்மைப் புகுத்தியதும் பலர் அறிந்த சரித்திரம். 1848 ஜனவரியில், நியூகாஸிலுக்கு அருகே, கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் க்ளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி சில நிமிஷங்களில் மாண்டுபோனாள் என்பது அவ்வளவாக யாரும் பேசாத சரித்திரம். (நம் சினிமாக்களில் வில்லன் கைக்குட்டையை மூக்கில் வைத்ததும் கதாநாயகி கண நேரத்தில் சாய்ந்து, அடுத்த காட்சியில் தலை கலையாமல் எழுந்திருக்கிறாளே, அந்தக் க்ளோரோஃபார்ம் உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது.) முப்பது வருஷங்கள் கழித்து, 1878 ஜூலையில், கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரியில் வில்லியம் மெக்யூவன் என்ற ரண வைத்தியரிடம், நாவின் அடியில் புற்றுக்கட்டி வளர்ந்த ஒரு தொழிலாளி வந்தார். கட்டியை அறுக்கும்போது ரத்தம் மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் ஆபத்து. அதைத் தடுக்கக் கழுத்தில் துளையிடுவதே அக்காலத்துச் சம்பிரதாயம். மெக்யூவனோ துளையிடாமல், நோயாளி விழித்திருக்கையிலேயே, அவர் வாய்க்குள் தம் விரலை விட்டுக் குரல்வளையைத் தடவி அறிந்து, வளையும் உலோகக் குழாய் ஒன்றை மூச்சுக்குழலுக்குள் செலுத்திய பிற்பாடே, அந்தக் குழாய் வழியாகக் க்ளோரோஃபார்மைக் கொடுத்தார். தொண்டையை மரக்கச் செய்யும் மருந்து எதுவும் அப்போது கிடையாது. அந்தத் தொழிலாளியின் பொறுமையை நினைத்தால் வைத்தியரின் சாமர்த்தியத்துக்குச் சமமாக அதையும் போற்றத் தோன்றுகிறது.

கோக்கெயின் துளிகள் கண்ணை மரக்கச் செய்கின்றன என்று வியன்னாவில் கார்ல் கோலர் கண்டுபிடித்தது 1884-இல். அந்த மருந்துக்கு இருந்த கெட்ட குணங்கள் பல இல்லாததாக, 1943-இல் ஸ்வீடன் நாட்டின் நீல்ஸ் லோஃப்கிரன் உண்டாக்கியதுதான் லிக்னோகெயின். பல் பிடுங்கப் போனவர்கள் எல்லாரும் ஈறில் ஏற்றிக்கொண்ட அந்த ஊசி மருந்துதான் அது. தொண்டையை மரக்கச் செய்வதும் இன்று அதுவே. தொண்டைக்குள் பார்க்க வழி செய்து கொடுத்த உபகரணத்தின் பின்னணியில் பஞ்சாபின் மோகாவில் பிறந்த ஒருவர் இருக்கிறார்: நரீந்தர் சிங் கபானி. லண்டனில் ஹெரால்ட் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, வளைந்த பாதையிலும் பிம்பத்தைக் கடத்தலாம் என்று அவர் 1954-இல் காட்டினார். 1967-இல் பீட்டர் மர்ஃபி என்ற ஆங்கில மயக்க வைத்தியர், பித்தநாளத்தை நோக்குவதற்கென்று செய்யப்பட்ட அத்தகைய கருவியை எடுத்து, மூட்டு வாதத்தால் அவயவங்கள் இறுகிய நோயாளி ஒருவருக்கு அதன் மேலாகவே டியூபை வழுக்கி இறக்கினார். மெக்யூவனின் விரல் செய்த வேலையை அன்று முதல் கண் செய்யத் தொடங்கியது.

யாரிடம் இந்த முறை வேண்டியிருக்கும் என்று முன்கூட்டி அறிவது எப்படி? ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சேஷகிரி மல்லம்பட்டி 1985-இல் வெளியிட்ட பரீக்ஷையை இன்று உலகம் முழுவதும் செய்கிறார்கள்: நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லி, உள்நாக்கும் அதன் இரு பக்கத்துத் தூண்களும் எவ்வளவு தெரிகின்றன என்று பார்ப்பதுதான் அது. வாய்க்குள் மூன்று விரல்கள் அடுக்கினால் போகின்றனவா, மோவாய்க்கும் குரல்வளை மேட்டுக்கும் இடையே போதிய தூரம் இருக்கிறதா, கழுத்து பின்னால் சாய்கிறதா என்பவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். இவற்றுள் ஒன்றாவது பொய் சொல்லாத பரீக்ஷை என்று எந்த வைத்தியரும் சத்தியம் செய்யமாட்டார். ஆயினும், பார்க்காமல் இருப்பதைவிடப் பார்ப்பது எத்தனையோ மேல்.

நம் நாட்டில் இந்தப் பரீக்ஷைகளில் தவறுகிறவர்களின் கூட்டம் சற்று விசேஷமானது. பாக்கு மென்று மென்று வாயின் உட்புறத் தோல் நார் பாய்ந்து, வெளுத்து, கெட்டிப்பட்டு, நாளடைவில் ஒரு விரல்கூட நுழையாதபடி வாய் இறுகிப்போகும் வியாதி ஒன்று உண்டு. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதை வருணித்தபோது அவர் கண்ட நோயாளிகள் கீனியாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்கள். கடல் கடந்து போனாலும் தாம்பூலப் பழக்கம் கூடவே போயிற்று. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் தாம்பூலம் புற்று உண்டாக்கும் பொருளே என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. கன்னத்தில் புற்று, வாய் இறுக்கம், அதை அறுத்துக் கதிர் பாய்ச்சியதால் மரக்கட்டைபோல் ஆன கழுத்து என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்பவர்கள் நம் ஆஸ்பத்திரிகளுக்குப் புதியவர்கள் அல்லர். தீப்பட்ட புண் ஆறிக் கழுத்தோடு மோவாய் ஒட்டிப்போன பெண்கள் இன்னொரு வகை. சொத்தைப் பல்லை அலட்சியம் செய்ததால் நாவின் அடியில் சீழ் பிடித்து, கழுத்து வீங்கி, நாக்கு மேலெழும்பி, படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடி வந்து சேருபவர்கள் எல்லாரினும் அபாயமான வகை.

இனி மருந்துகளுக்கு வருவோம். இங்கே ஒரு மருந்துக்குப் பெருமை, அது எத்தனை ஆழத் தூங்க வைக்கிறது என்பதால் வருவதில்லை. எதையெல்லாம் கெடுக்காமல் விட்டுவைக்கிறது என்பதால் வருகிறது. மூச்சு நிற்கக்கூடாது, தொண்டை சரியக்கூடாது, கூப்பிட்டால் பதில் வர வேண்டும், "மூச்சை நல்லா இழுங்க" என்றால் இழுக்க வேண்டும். இத்தனையும் இருக்க, பயம் மட்டும் விலக வேண்டும். நடந்தது மறந்தும் போய்விட்டால் இன்னும் நல்லது. இவ்வளவு குணமும் பொருந்திய சர்வ லக்ஷண ஔஷதம் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே வைத்தியர், எந்த மருந்தின் எந்தத் தோஷத்தை இந்த நோயாளி தாங்குவார் என்று எண்ணியே தேர்ந்தெடுக்கிறார்.

எளிமையானது மிடசோலாம். ஒரு மில்லிகிராமோ அதில் பாதியோ கொடுத்தால் போதும். பதற்றம் தணிகிறது, அதைவிட முக்கியமாக, அதன்பின் நடப்பவை ஞாபகத்தில் பதிவதில்லை. இருமலையோ ஓக்காளத்தையோ அது தடுக்காது. அளவு சற்று மீறினால் நோயாளி குழம்பி, சொன்னதைக் கேளாமல் கையை வீசவும் ஆரம்பிப்பார். ஃபென்டனில் 1960-இல் பெல்ஜியத்தின் பால் யான்ஸன் உண்டாக்கிய, மார்ஃபியா இனத்துச் சந்ததி; ஆனால் வலிமையில் அதைவிட ஐம்பது முதல் நூறு மடங்கு. வலியையும் இருமலையும் அடக்குவதில் அதற்கு நிகரில்லை. கூடவே மூச்சையும் அடக்கிவிடும் என்பதே சங்கடம். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொன்றின் தீங்கையும் மற்றது பெருக்குகிறது. இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு என்பது பெரிய ஆறுதல்: மிடசோலாமுக்கு ஃப்ளூமசெனில், ஃபென்டனிலுக்கு நலோக்ஸோன். அந்த மாற்று மருந்துகளின் சக்தி சீக்கிரம் வடிந்து, முதல் மருந்து மீண்டும் தலையெடுக்கக்கூடும் என்பதை மறந்தவர்கள் பிற்பாடு வார்டில் அவதிப்பட்டிருக்கிறார்கள்.

1996-இல் புழக்கத்துக்கு வந்த ரெமிஃபென்டனில் இதே இனத்தில் விசித்திரமான பிள்ளை. ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள என்ஸைம்களே அதை உடைத்துவிடுவதால், எத்தனை மணி நேரம் ஏற்றியிருந்தாலும், நிறுத்திய மூன்று நிமிஷங்களில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடும். தொண்டையில் கருவி போகும்போது எழும் இருமலை இது அற்புதமாக அடக்கும். ஆனால் இதன் வசப்பட்டவர் கண் விழித்துக் கிடந்தபடியே மூச்சுவிட மறந்துபோவதுண்டு. "மூச்சு விடுங்க" என்று சொன்னால் விடுவார், சொல்லாவிட்டால் சும்மா இருப்பார். பக்கத்தில் ஒருவர் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய மருந்து என்று இதைச் சொல்லலாம்.

கெட்டமினின் வரலாறு தனி. 1962-இல் அமெரிக்க வேதியியலாளர் கால்வின் ஸ்டீவன்ஸ் உண்டாக்கிய இந்த மருந்து, 1970-இல் அனுமதி பெற்று, வியட்நாம் யுத்தத்தில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு வெகுவாகப் பயன்பட்டது. கண் திறந்திருக்க, மூச்சு ஓடிக்கொண்டிருக்க, மனம் மட்டும் உடலை விட்டு விலகி எங்கோ போய்விடும்; ரத்த அழுத்தமும் சரியாது, ஏறவே செய்யும். மின்சாரமும் பிராணவாயுச் சிலிண்டரும் எப்போது கைவிடும் என்று தெரியாத இடங்களில் ரண சிகிச்சை செய்த வைத்தியர்கள் இதைத் தெய்வமாகக் கொண்டாடியதில் வியப்பில்லை. ஆனால் கண்ணாடி இழைக் கருவிக்குப் பகை உமிழ்நீர். கெட்டமினோ உமிழ்நீரைப் பெருக்கும். கனவும் பிரமையும் வந்து நோயாளி உளறுவதும் உண்டு. ஆகையால் சிறு அளவில், வாயை உலர்த்தும் கிளைக்கோபைரோலேட்டை முன்னால் கொடுத்துவிட்டு, வேறொரு மருந்துக்குத் துணையாகவே பெரும்பாலும் இதைச் சேர்க்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்து, இந்தக் காரியத்தில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது டெக்ஸ்மெடடோமிடின். ஆபரேஷன் தியேட்டரில் சுருக்கமாக "டெக்ஸ்" என்பார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களை அமைதிப்படுத்துவதற்கென்று 1999-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. மூளைத்தண்டில் நம்மை விழிப்பாக வைத்திருக்கும் சிறு நரம்பணுக் கூட்டம் ஒன்று உண்டு. அங்கே நார்அட்ரினலின் சுரப்பதை இது தணிக்கிறது. அதனால் வருவது இயற்கைத் தூக்கத்துக்கு வெகு அருகிலான ஒரு தூக்கம். கோவில் மண்டபத்தில் கதாகாலட்சேபம் கேட்க வந்து தூணில் சாய்ந்து கண்ணயர்ந்த பெரியவரைப் பெயர் சொல்லி அழைத்தால், "கேட்டுண்டுதான் இருக்கேன்" என்று தெளிவாகச் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வாரே, அந்த மாதிரி. மூச்சின் கேந்திரத்தை இது அவ்வளவாகத் தொடுவதில்லை; வாயையும் உலர்த்திக் கொடுக்கிறது. அப்படியானால் குறையே இல்லையா என்றால், உண்டு. நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கும்; முன்னமே இருதயத் துடிப்பு மந்தமானவருக்கு இது ஆகாது. அவசரம் என்ற சொல்லே இதற்குப் பிடிக்காது: கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் வீதம், அறுபது கிலோ எடையுள்ளவருக்கு அறுபது மைக்ரோகிராமை, பத்து நிமிஷம் கொண்டு நிதானமாக ஏற்ற வேண்டும். மனிதருக்குக் கொடுக்க அங்கீகரிக்கப்பட்ட மாற்று மருந்தும் இதற்குக் கிடையாது. அடிபமெஸோல் என்ற மாற்று மருந்து மிருக வைத்தியர்களிடம்தான் இருக்கிறது, ஏனெனில் இதன் மூல மருந்து நாய்களையும் பூனைகளையும் தூங்க வைக்கப் பயன்பட்டு வருவது.

புரோபோஃபாலைச் சொல்லாமல் விட்டால் மயக்க வைத்தியர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஸோயா எண்ணெயில் கரைத்துப் பால்போல் வெளுத்திருக்கும் அந்த மருந்தை, மிருக வைத்தியராகத் தொழிலைத் தொடங்கிய இயான் க்ளென் 1973-இல் இனங்கண்டார். இன்று உலகத்தில் மயக்கம் என்றாலே பெரும்பாலும் அதுதான். ஆனால் அதில் அமைதிக்கும் ஆழ்ந்த மயக்கத்துக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறைவு. ஒரு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தவர் அடுத்த நிமிஷம் மூச்சடைத்துக் கிடப்பார். 2009-இல் பாடகர் மைக்கேல் ஜாக்ஸன் மாண்டது முக்கியமாக இந்த மருந்தினால்தான். வழி கடினமான நோயாளிக்கு, டியூப் உள்ளே போவதற்கு முன் புரோபோஃபாலை மட்டுமே நம்பும் துணிச்சலை நான் சாமர்த்தியமாகக் கருதமாட்டேன். 2019-இல் வெளியான பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியின் நெறிமுறைகளும், அதனால் மயக்கம் அளவு மீறுவதையும் வழி அடைபடுவதையும் எடுத்துக்காட்டி எச்சரிக்கவே செய்கின்றன.

அதே நெறிமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, மரத்துப்போகாத தொண்டைக்கு மயக்கம் ஈடாகாது என்ற கருத்து. லிக்னோகெயினைப் பொறுமையாகப் பூசத் தெரியாதவர் மயக்க மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை மேலே பார்த்தோம். மயக்க மருந்தைக் கொடுத்துக் கவனிக்க ஒருவர், டியூபைப் போட இன்னொருவர் என்று இரண்டு பேர் இருப்பதே உத்தமம் என்றும் அவை சொல்லுகின்றன. ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் நம் ஆஸ்பத்திரிகளில் இது எளிதில் கைகூடுகிற யோசனை அன்று. ஆனாலும் சரியான யோசனை.

காரியம் நடக்கும் விதத்தை ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். ஐம்பத்தைந்து வயது, அறுபது கிலோ எடை, கன்னத்தில் புற்று, வாயில் சுண்டுவிரல் மட்டும் நுழைகிறது. வழி மூக்குதான். வார்டிலேயே வாயை உலர்த்தும் கிளைக்கோபைரோலேட் ஊசி போட்டாயிற்று. தியேட்டருக்கு வெளியே அவரை உட்கார வைத்து, ஆஸ்துமாக்காரர்களுக்கு வைப்பதுபோல் நெபுலைசர் வைத்து, 4 சதவீத லிக்னோகெயினைப் புகையாக இழுக்கச் செய்கிறார்கள். மூக்கு அடைப்புக்குப் போடும் சொட்டு மருந்து இரண்டு நாசியிலும் போகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்கினால் டியூப் உரசும்போது ரத்தம் வருவது குறையும். பிறகு லிக்னோகெயின் ஜெல்லி தடவிய பஞ்சுத் திரி. 10 சதவீத ஸ்பிரேயில் ஒரு தடவை அழுத்தினால் பத்து மில்லிகிராம். ஒவ்வோர் அழுத்தலையும் நர்ஸ் எண்ணிக் குறித்துக்கொள்கிறார். கிலோவுக்கு ஒன்பது மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, அதாவது இவருக்கு எல்லா வழியிலுமாகச் சேர்த்து 540. அதைத் தாண்டினால் காதில் இரைச்சலும் உதட்டில் மரப்பும் தொடங்கி வலிப்பு வரையில் போகலாம்.

மேஜையில் தலைப்பக்கம் உயர்த்தி, பாதி உட்கார்ந்த நிலையில் வைத்திருக்கிறார்கள். ஒரு நாசியில் பிராணவாயு ஓடுகிறது. விரலில் மாட்டிய கருவி ரத்தத்தில் பிராணவாயு 99 சதவீதம் என்று காட்டுகிறது; டெக்ஸ் சிரிஞ்ச் பம்பில் ஏறத் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆயிற்று; நாடி 84-இலிருந்து 66-க்கு இறங்கியிருக்கிறது.

"ஐயா, கண்ணைத் திறங்க."

திறக்கிறார்.

"நான் பேசுறது கேக்குதா?"

"ம்... கேக்குது சார்."

"கழுத்துல ஒரு சின்ன ஊசி. போட்டதும் இருமல் வரும். நல்லா இருமுங்க."

குரல்வளை மேட்டுக்குக் கீழே, தோலை ஊடுருவி, மூச்சுக்குழலுக்குள் நேராக லிக்னோகெயின் போகிறது. அவர் பெரிதாக இருமுகிறார். அந்த இருமலே மருந்தை மேலும் கீழும் எங்கும் தெளித்துவிடுகிறது. பின்பு நாசி வழியே பேனாவைவிட மெல்லிய ஸ்கோப், அதாவது முன்னே சொன்ன கண்ணாடி இழைக் கருவி, நுழைகிறது. திரையில் முதலில் வெறும் சிவப்பு. பிறகு எச்சில் குமிழிகள். "நாக்கை வெளியே நீட்டப் பாருங்க, ஐயா" என்றதும் அவர் முயன்றுபார்க்க, தொண்டை திறந்து, கீழே முத்துப்போல் வெளுத்த இரண்டு குரல் நாண்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் விலகுவதும் சேருவதுமாகத் தெரிகின்றன. நோயாளி விழித்திருப்பதன் லாபம் இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது: தசைகள் உயிரோடு இருப்பதால் பாதை தானே திறந்து கொடுக்கிறது, மூச்சே வழி காட்டுகிறது. இவரை ஆழத் தூங்க வைத்திருந்தால் இந்தத் திரையில் சரிந்த சதையைத் தவிர வேறொன்றும் தெரியாது. நாண்கள் விலகும் கணத்தில் ஸ்கோப் உள்ளே செல்ல, லாடம் லாடமாக மூச்சுக்குழலின் வளையங்கள் தோன்ற, அதன்மேல் டியூப் வழுக்கி இறங்குகிறது.

"ஐயா, உங்க பேரைச் சொல்லுங்க."

உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. டியூப் நாண்களைத் தாண்டியதன் அடையாளங்களில் அது ஒன்று. ஆயினும் அதை மட்டும் நம்பாமல், வெளிவிடும் மூச்சில் கரியமிலவாயு இருக்கிறதா என்று காப்னோகிராஃப் திரையைப் பார்க்கிறார் வைத்தியர். சதுர சதுரமாக அலைகள் வருகின்றன. அப்பொழுதுதான் அந்த வெள்ளைப் புரோபோஃபால் கைக்கு வருகிறது. நோயாளி கேட்டிருந்தாரே, "நல்லாத் தூங்க வெச்சுடுவீங்கல்ல?" என்று, அந்தத் தூக்கம் இப்போதுதான் ஆரம்பம்.

எல்லாருக்கும் டெக்ஸ்தான் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. சீழ் பிடித்து நாக்கு மேலெழும்பி, மூச்சு இழுக்கும்போதே ஓசை கேட்கிறவருக்கு, ஒரு மில்லிகிராம் மிடசோலாம்கூட மிச்சமிருக்கும் தசை பலத்தைப் பறித்துவிடலாம். அத்தகையவருக்கு எந்த மயக்க மருந்தும் கொடுக்காமல், மரக்கும் மருந்தும் இதமான பேச்சும் மட்டுமாகக் காரியத்தை நடத்துவார்கள், அல்லது விழித்த நிலையிலேயே கழுத்தில் துளையிடச் செய்வார்கள். நாடி மந்தமானவருக்கு டெக்ஸை விட்டுவிட்டு ரெமிஃபென்டனிலுக்குப் போவார்கள். ரத்தம் இழந்து அழுத்தம் சரிந்த விபத்து நோயாளிக்குச் சிறிது கெட்டமின் பொருந்தலாம். குழந்தையிடம் "மூச்சை இழு" என்று சொல்லிப் பயனில்லை. அங்கே முறையே வேறு, வாயு மருந்தை முகர வைத்து, மூச்சு நிற்காதபடி ஆழப்படுத்திக்கொண்டு போவதுண்டு.

பிரிட்டனில் 2008-இலிருந்து 2009 வரை ஒரு வருஷம், மயக்கத்தின்போது சுவாசப்பாதையில் நேர்ந்த பெரும் விபத்துகளை எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் திரட்டி ஆராய்ந்தார்கள். 2011-இல் வெளியான அறிக்கை சுட்டிய குறைகளுள் ஒன்று, விழித்த நிலையில் டியூப் போட்டிருக்க வேண்டியவர்களைத் தூங்க வைத்துவிட்டார்கள் என்பது. காரணம் அறியாமை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. விழித்திருப்பவர் தொண்டையில் கருவி செலுத்துவது கொடுமை என்ற எண்ணமும், அதற்குப் பிடிக்கும் அரை மணி நேரமும், வெளியே கையுறை மாட்டிக்கொண்டு காத்திருக்கும் ரண வைத்தியரின் பெருமூச்சும் சேர்ந்தே மயக்க வைத்தியரின் கையைச் சிரிஞ்சின் பக்கம் தள்ளுகின்றன.

சிகிச்சை முடிந்தபின் டியூபை எடுப்பதும் போடுவதைப்போலவே யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். கன்னமும் நாக்கும் வீங்கியிருக்கையில் எடுத்துவிட்டு, திரும்பப் போட முடியாமல் போனவர்கள் உண்டு. அதனால் நமது நோயாளியை அன்றிரவு டியூபுடனேயே தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து, வீக்கம் வடிந்த மறுநாள், டெக்ஸை மெல்லிய அளவில் ஓடவிட்டபடியே, இருமாமல் திமிறாமல் அவர் விழித்துச் சொன்னபடி கேட்கும்போது எடுக்கிறார்கள். வீட்டுக்குப் போகும்போது அவர் கையில் மருந்துச் சீட்டோடு இன்னொரு சீட்டும் கொடுக்கப்பட வேண்டும்: வாய் எவ்வளவு திறந்தது, முகமூடி வழியே காற்று ஏறியதா, எந்த நாசி வழியாக எந்த அளவு டியூப் போயிற்று, எந்த மருந்து எவ்வளவு பிடித்தது என்ற விவரங்களுடன். அடுத்த தடவை வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில், நடு ராத்திரியில் அவரைப் பார்க்க நேரும் வைத்தியருக்கு அந்தச் சீட்டு எக்ஸ்ரேயைவிட உபயோகமானது. கேட்டு வாங்கி, லாமினேட் செய்து, ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.